திறப்பே தடுப்பின் அளவுகோல்

திருவல்லிக்கேணிக்கு ஆண்டு முழுவதும் கூட்டம்தான். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய இரவே பார்த்தசாரதி சுவாமி கோயிலின் மாட வீதிகள் நிரம்பத் தொடங்கிவிடும். ரம்ஜான் நாட்களில், 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருவோர் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையை நிறைப்பார்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் முடிந்தால் சுமார் 38,000 பேர் ஒரே நேரத்தில் பெல்ஸ் சாலையிலும் வாலாஜா சாலையிலும் இறங்குவார்கள். காணும் பொங்கலன்று ஊரே மெரினாவுக்கு வரும். ஒரு தலைவர் மறைந்தால் ராஜாஜி அரங்கை நோக்கி மாநிலமே வரும்.

இவ்வளவு கூட்டத்துக்கும் தெருக்கள் பழைய தெருக்கள்தான். டி.பி. கோயில் தெருவையோ சிங்கராச்சாரி தெருவையோ யாரும் அகலப்படுத்திவிட முடியாது. நிரந்தரக் கம்பி வேலி போட்டாலும் மறுநாள் காய்கறி வண்டி நுழையாது, ஆம்புலன்ஸ் திரும்பாது. அதனால் கூட்டத்தை நெறிப்படுத்த இங்கே கைகொடுப்பவை, தேவைப்படும்போது கொண்டுவந்து வைத்துப் பிறகு எடுத்துவிடும் தடுப்புகள்தான். இந்த முறை தேவையானது, பெருமளவு நல்லதும்கூட. ஆனால் தடுப்பை நிறுத்தும் கருவியாக மட்டுமே பார்த்துச் செய்கிறோம். நெருக்கடி வந்தால் அது எப்படித் திறக்கும் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. இந்த முறையின் குறைகளில் பெரும்பாலானவை அந்தக் கேட்காத கேள்வியிலிருந்து பிறந்தவை.

இரண்டு மரபுகள்

நம்மிடம் இரண்டு வகைத் தடுப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சவுக்குக் கட்டை. குழி தோண்டிக் கட்டைகளை ஊன்றி, குறுக்கே இரண்டு மூன்று கட்டைகளை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். காணும் பொங்கலுக்கு மெரினாவில் மக்கள் கடலில் இறங்காதபடி கரை நெடுகப் போடுவது இதைத்தான். தலைவர்கள் வரும் கூட்டங்களுக்கும் இதுதான். இன்னொன்று, காவல்துறையின் இரும்பு பேரிகேடு. ஆங்கிள் இரும்பில் சட்டம், நடுவே தகடு, கீழே இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள், சிலவற்றுக்குச் சிறு சக்கரங்கள். தகட்டில் ஒரு எச்சரிக்கை வாசகமும், பெரும்பாலும் அதைவிடப் பெரிய எழுத்தில் ஏதேனும் ஒரு விளம்பரதாரரின் பெயரும் இருக்கும்.

சவுக்கின் சிறப்பு, அதன் பின்னால் இருக்கும் கைத்திறன். பந்தல் போடும் தொழிலாளர்கள் ஒரே இரவில் நீண்ட வரிசையை எழுப்பிவிடுவார்கள். ஆழமாக ஊன்றிய கட்டை தரையின் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்கிறது. கூட்டம் சாய்ந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. கடற்கரை மணலில் இரும்புக் கால்கள் நிற்காத இடத்தில் சவுக்கு நிற்கும். விலையும் குறைவு, பிரித்த கட்டையை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

இரும்பு பேரிகேட்டின் சிறப்பு வேகம். குழி வேண்டாம், கயிறு வேண்டாம். இரண்டு காவலர்கள் சில நிமிடங்களில் ஒரு தெருவை மூடிவிடலாம், அதே வேகத்தில் திறந்தும் விடலாம். பெரிய தெருவில் ஊர்வலம் வரும் அரை மணி நேரத்துக்கு மட்டும் வண்டிகளை மாற்றிவிட இதைவிட எளிய கருவி இல்லை. தடுப்பு இருக்கிறது என்பதே பலரைத் தானாக வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். வைகுண்ட ஏகாதசி இரவில் முதியவர்களும் குழந்தைகளை இடுப்பில் வைத்திருப்பவர்களும் தம் முறைக்குக் காத்திருக்க முடிவது, இடையில் புகுபவர்களை ஒரு கம்பி தடுத்து நிறுத்துவதால்தான். பலசாலிக்கும் பலமில்லாதவருக்கும் ஒரே முறை என்ற நியாயத்தைத் தெருவில் நிலைநாட்டுவது அந்தத் தடுப்பு. இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு சிறிய கணக்கு

ஆனால் தடுப்பின் மீது நாம் வைக்கும் நம்பிக்கை அதன் சக்திக்கு மீறியது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 40 கிலோ எடையுள்ள ஒரு பேரிகேடு; அதன் கால்கள் நடுவிலிருந்து இருபுறமும் 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு உயரத்தில், அதாவது 1.1 மீட்டரில், ஒருவர் தள்ளுகிறார். அது கவிழ்வதற்குத் தேவையான விசை சுமார் 11 கிலோ எடைக்குச் சமம். பள்ளிச் சிறுவன் ஒருவன் சாய்ந்தாலே போதும்.

நியூயார்க் துறைமுக ஆணையத்தில் பணியாற்றிய ஜான் ஃப்ரூயின், கூட்ட விபத்துகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். உயிர்ப்பலி நடந்த இடங்களில் வளைந்து கிடந்த இரும்புக் கம்பிகளைக் கொண்டு, அங்கே 4,500 நியூட்டனுக்கும் மேற்பட்ட விசை, அதாவது 450 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம், இருந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். ஒரு சதுர மீட்டரில் 7 பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் தனிமனிதர் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் ஏறக்குறைய ஒரு திரவம் போல நடந்துகொள்ளும் என்பதும் அவர் கண்டது. நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே மூச்சுவிட இடமில்லாமல் இறக்கிறார்கள்.

11 கிலோவில் கவிழும் பொருளை 450 கிலோவுக்கு எதிரே நிறுத்துகிறோம். நகர்த்தக்கூடிய எந்தத் தடுப்பும் நெருக்கிவிட்ட கூட்டத்தைத் தாங்காது. நெருக்கம் உருவாகும் முன்னரே மக்களுக்கு வழி காட்டவே அதனால் முடியும். 2018 ஆகஸ்ட் 8 அன்று, கருணாநிதியின் உடல் வைக்கப்பட்டிருந்த ராஜாஜி அரங்கில் கூட்டம் தடுப்புகளை மீறி முன்னேறியபோது ஏற்பட்ட நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். இன்னும் கனமான இரும்பு வைத்திருக்கலாம் என்று அதற்குப் பாடம் சொல்வது தவறு. அரங்க வாசலுக்கு வெகுதூரம் முன்பே, அண்ணா சாலையிலும் வாலாஜா சாலையிலும், வரும் வேகத்தைப் போகும் வேகத்தோடு பொருத்தியிருக்க வேண்டும் என்பதே சரியான பாடம்.

மேடைக்கு முன் கூட்டம் அழுத்தியே தீரும் என்ற இடங்களுக்கு உலகில் வேறு வடிவம் இருக்கிறது. அதில் தடுப்பின் அடித்தகடு கூட்டம் நிற்கும் பக்கம் நீண்டிருக்கும். முன்வரிசையில் நிற்பவர்கள் அந்தத் தகட்டின் மேல்தான் நிற்பார்கள். அவர்களுடைய எடையே தடுப்பைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். கூட்டத்தின் பலத்தைக் கூட்டத்தின் பாதுகாப்புக்கே திருப்பும் நுட்பம் இது. நம் பேரிகேட்டின் கால்களோ வழிப்போக்கரின் காலை இடறிவிடுவதற்கே அதிகம் பயன்படுகின்றன.

எங்கே தவறுகிறோம்

முதல் குறை, திறப்பு. சவுக்குத் தடுப்பில் ஒருவர் மயங்கி விழுந்தால் முடிச்சை அவிழ்க்க நேரமிருக்காது. கயிற்றை அறுக்கக் கத்தி வேண்டும், கட்டையைத் தூக்க ஆள் வேண்டும். இரும்புத் தடுப்பு எளிதில் நகரும் என்றாலும், ஒன்றோடொன்றைக் கொக்கியால் இணைக்கும் ஏற்பாடு பலவற்றில் இல்லாததால் கயிற்றாலும் சங்கிலியாலும் கட்டிவிடுகிறார்கள். அப்போது அதன் ஒரே பெரிய பலமான வேகமும் போய்விடுகிறது.

திறப்பு இருந்தால் மட்டும் போதாது. அது எதற்கான திறப்பு என்பதும் தெரிய வேண்டும். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில், வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்தவர்களில் 6 பேர் நெரிசலில் இறந்தார்கள். உடல்நலம் குன்றிய ஒருவரை வெளியே கொண்டுவரக் கதவைத் திறந்தபோது, டோக்கன் கொடுக்கத்தான் திறக்கிறார்கள் என்று எண்ணிப் பின்னால் இருந்தவர்கள் முன்னே பாய்ந்ததாகச் செய்திகள் வந்தன. உதவ நினைத்த கையே விபத்துக்கு வழிவிட்டது. உள்ளே விடும் வாசலும் வெளியே எடுக்கும் வாசலும் வேறுவேறாக, வேறு திசையில், வேறு நிறத்தில் இருந்தாக வேண்டும். திருவல்லிக்கேணியிலும் அதே ஏகாதசிக்கு, அதே எதிர்பார்ப்போடுதான் மக்கள் நிற்கிறார்கள்.

இரண்டாம் குறை, பார்வை. பேரிகேட்டின் தகடு வண்டியோட்டிகளுக்காக வந்தது, விளம்பரத்துக்காக நிலைத்தது. நடப்பவர்களுக்கு அது சுவர். பின்வரிசையில் நிற்பவருக்கு முன்னே வரிசை நின்றுவிட்டது தெரியாது, தெரியாததால்தான் தள்ளுகிறார். கம்பி வைத்த தடுப்பில் உள்ளே யாரேனும் தவித்தால் வெளியே இருக்கும் காவலருக்குத் தெரியும். தகட்டின் பின்னால் இருக்கும் குழந்தை யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, கடற்காற்று வீசும் காமராஜர் சாலையில் தகடு காற்றை வாங்கிக்கொண்டு தானாகவே கவிழும்.

மூன்றாம் குறை, யாருக்காக இடைவெளி விடுகிறோம் என்பது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் தடையற்ற அணுகலைக் கோருகிறது. மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே செல்ல மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை அமைத்து மகிழ்ந்த நகரம் இது. ஆனால் விசேஷ நாட்களில் தடுப்புகளுக்கு நடுவே விடும் சந்து, ஒருவர் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கே இருக்கிறது. சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் வேண்டும். பார்வையற்றவரின் வெள்ளைக்கோல் தட்டி உணர, தரையை ஒட்டி ஒரு கம்பி ஓட வேண்டும். இவை செலவு பிடிக்கும் கோரிக்கைகள் இல்லை. வெல்டிங் பட்டறையில் அளவைச் சொல்லும்போதே சொல்லிவிடலாம்.

நான்காம் குறை, காலம். விழா முடிந்த பிறகும் தடுப்புகள் போவதில்லை. நடைபாதை ஓரத்தில் சங்கிலியிட்டுக் கிடக்கின்றன. பிரதிபலிப்பு ஒட்டிகள் உரிந்து, விளிம்புகள் துருவேறி, இரவில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கின்றன. நடப்பவர்களைக் காக்க வந்த பொருள், அவர்களை நடைபாதையிலிருந்து சாலைக்கு இறக்கிவிடுகிறது. எடுத்துவிடலாம் என்பதுதான் இந்தத் தடுப்பின் முழு நியாயமும். எடுக்காமல் விட்டால் அந்த நியாயமே இல்லாமல் போகிறது.

எல்லாப் பழியையும் இரும்பின் மேல் போட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியைக் காண வந்தவர்களில் 5 பேர் இறந்தார்கள்; கடும் வெயிலே காரணம் என்று அரசு தெரிவித்தது. சேப்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அன்று மக்கள் வெளியேற முடியாமல் தவித்தார்கள். அங்கே தேவைப்பட்டவை நிழலும் தண்ணீரும், எப்போது எந்தப் பக்கம் நகரலாம் என்ற அறிவிப்பும்தான். ஃப்ரூயின் கூட்டப் பாதுகாப்பை விசை, தகவல், இடம், நேரம் என்று நான்காகப் பிரித்தார். தடுப்பு இடத்தை மட்டுமே வகுக்கிறது. ஒலிபெருக்கியில் ஒருவர் நிதானமாகத் தமிழில் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தால், பல தடுப்புகள் செய்யாததை அந்தக் குரல் செய்துவிடும்.

என்ன செய்யலாம்

வளைந்து வளைந்து செல்லும் வரிசை நல்லது. நேர் வரிசையில் பின்னாலிருந்து வரும் தள்ளல் முன்வரை போய்ச் சேரும், ஒவ்வொரு திருப்பத்திலும் அது கொஞ்சம் அடங்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் வெளியிட்ட கூட்ட மேலாண்மைக் கையேடும் இந்த வகை வரிசையை ஆதரிக்கிறது. ஆனால் வெளியேறும் வழி இல்லாத வளைவு, கூண்டாகிவிடும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், ரசிகர்கள் களத்தில் இறங்கக் கூடாது என்று போட்ட வேலிக்குப் பின்னால் நெரிபட்டு 97 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அந்த நாடு தன் பெரிய மைதானங்களின் வேலிகளை அகற்றியது. தமிழ்நாட்டுக்கும் இழப்புகள் புதிதல்ல. 2005 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்கு வந்த 42 பேரையும், 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேரையும் நெரிசலுக்குக் கொடுத்திருக்கிறோம்.

திருவல்லிக்கேணிக்கான நல்ல தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது கடினமில்லை. தகட்டுக்குப் பதில் செங்குத்துக் கம்பிகள், குழந்தையின் தலை நுழையாத நெருக்கத்தில். இடறாத தட்டைக் கால்கள். ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கொக்கி, ஒரே ஆள் தூக்கினால் கழன்றுவிடும்படி. குறிப்பிட்ட இடைவெளியில் வேறு நிறத்தில் ஓர் அவசரத் திறப்பு. அதன் பக்கத்தில் அதற்கென்றே ஒரு மனிதர், யாரிடமும் அனுமதி கேட்காமல் திறக்கும் அதிகாரத்தோடு. சக்கர நாற்காலிக்கு ஒரு தனி வாசல். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் வடிவம், அடுக்கி வைக்க ஓர் இடம், விழா முடிந்ததும் எடுக்க ஒரு கெடு. சவுக்கைக் கைவிட வேண்டியதில்லை. மணலில் அதுதான் சரி. ஆனால் சவுக்கு வரிசையிலும் ஆங்காங்கே கயிறில்லாத, தள்ளினால் திறக்கும் ஒரு கதவு இருந்தாக வேண்டும்.

நகர்த்தும் தடுப்பு முறையை நான் ஆதரிக்கிறேன். பழைய தெருக்களும் பெருங்கூட்டங்களும் சேர்ந்து வாழ இதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் இன்று அது பாதி முறையாகவே இருக்கிறது. மூடும் பாதியை மட்டும் கற்றிருக்கிறோம். அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு முன், காவல்துறையும் கோயில் நிர்வாகமும் மாநகராட்சியும் ஒரே ஒரு ஒத்திகை பார்க்கட்டும்: மாட வீதியில் தடுப்புகளை வரிசையாக வைத்து, நடுவில் ஒருவர் மயங்கி விழுந்ததாகக் கொண்டு, அவரை வெளியே எடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அளக்கட்டும். அந்த எண்ணிக்கை ஒரு நிமிடத்தைத் தாண்டினால், அந்தத் தடுப்பைத் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது.