தியாரோய் முகாமின் தொப்பிகள்

உஸ்மான் செம்பேனும் தியெர்னோ ஃபாட்டி ஸோவும் இயக்கிய ‘தியாரோய் முகாம்’ (1988) பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் வரும் டாங்கிகளைத்தான் எழுதுகிறார்கள். என் மனதில் நின்றது உடுப்பு மாற்றும் காட்சி.

1944. ஜேர்மனியரிடம் கைதிகளாயிருந்து மீண்ட மேற்கு ஆபிரிக்கச் சிப்பாய்கள் டக்காருக்குப் பக்கத்துத் தியாரோய் முகாமுக்கு வருகிறார்கள். உடம்பில் அமெரிக்க இராணுவ உடுப்பு. அதைக் கழட்டச் சொல்கிறது பிரெஞ்சு நிர்வாகம். பதிலுக்குக் கட்டைக் காற்சட்டை, சிவப்பு ஷெஷியா. அதிகாரிகள் தலையில் முன்விளிம்பு வைத்த கெப்பி. முகம் பார்க்கத் தேவையில்லை, தலையைப் பார்த்தாலே யார் எசமான் எண்டு விளங்கும்.

ஷெஷியா நம்ம துருக்கித் தொப்பிக்குச் சொந்தக்காரன்தான். 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை வந்ததும் நம்ம ஆக்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். தொப்பி போடும் உரிமைக்காகப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதே சாதித் தொப்பியை வலுக்கட்டாயமாகத் தலையில் வைக்கும் காட்சி நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

அடுத்தது பெயர். 1857இல் தொடங்கிய இந்தப் படைக்குப் பெயர் ‘திராயேர் செனகலே’, அதாவது செனகல் துப்பாக்கிக்காரர். ஆட்களோ மேற்கு ஆபிரிக்கா முழுவதிலுமிருந்து பிடிக்கப்பட்டவர்கள். ‘செனகல் வீரர்கள்’ என்று தமிழில் எழுதினால் காலனி நிர்வாகத்தின் அதே சோம்பல் நம் எழுத்துக்கும் வந்துவிடுகிறது. ‘சிப்பாய்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாரசீகச் ‘சிபாஹி’ துருக்கியர் வழியாக வட ஆபிரிக்காவுக்குப் போய்ப் பிரெஞ்சில் ‘ஸ்பாஹி’ என்ற குதிரைப்படையாள் ஆனது. இந்தியா வழியாகப் போய் அதே பிரெஞ்சில் ‘ஸிப்பாய்’ ஆனது.

புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து பேச்சிழந்து வந்தவன் பேயி. அந்தப் பெயருக்குப் பிரெஞ்சில் ‘நாடு’ என்று பொருள். அவன் தலையில் ஜேர்மன் இரும்புத் தொப்பி. ஏன் என்று இயக்குநர்கள் விளக்கவில்லை, நல்லதாப் போச்சு. இரவில் டாங்கிகள் வருவதைக் காண்பவன் அவன்தான். அவனுக்குச் சொல்ல வாயில்லை, மற்றவர்களுக்கு அவன் பைத்தியக்காரன்.

குறையும் உண்டு. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் நடுவில் இழுக்கிறது. பிரெஞ்சு அதிகாரிகள் பலர் வெறும் பொம்மைகள். ஆனால் சிப்பாய்களின் பணத்தைப் பாதி மதிப்புக்கு மாற்றித் தருவோம் என்று சொல்லும் இடத்தில் அந்தப் பொம்மைத்தனமே பயமுறுத்துகிறது.

1944 டிசெம்பர் 1இல் இறந்தவர்கள் 35 பேர் என்றது அன்றைய பிரெஞ்சு அறிக்கை. வரலாற்றாசிரியர் பலர் அதை ஏற்கவில்லை. ‘படுகொலை’ என்ற சொல்லைப் பிரெஞ்சு ஜனாதிபதி எழுதியது 2024இல்.