பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்ணின் பருவங்களை ஏழெனப் பகுத்தனர் பாட்டியல் நூலார். பேரிளம்பெண்ணுக்கு எல்லை 40 வயது. அதனைக் கடந்தவளுக்கு உலாவில் இடமில்லை, பெயருமில்லை. பூப்பினைப் பற்றித் தொல்காப்பியக் கற்பியல் பேசும். பூப்பு நிற்பதைப் பற்றிப் பேசாது. காதலுக்கு இலக்கணம் வகுத்தோர் அவ்வளவில் நின்றது வியப்பன்று. உழைப்பாளர் வாழ்வை எழுத வந்த இக்காலப் புனைகதையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டதுதான் வியப்பு.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும், பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்த நாவல் ஆனைமலைத் தோட்டங்களையும் களமாகக் கொண்டவை. தோட்டத்து அதிகாரம் பெண்ணுடல்மீது இழைத்த கொடுமையை அவை அஞ்சாது கூறின. அப்பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் தோட்டக் கதைகளில் பொதுவாக இளம்பெண் வருகிறாள்; பிள்ளை பெறுகிறாள்; அடுத்துக் காணும்போது கிழவியாகிவிடுகிறாள். இடையிலுள்ள பத்தாண்டு காணாமற் போகிறது.

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்கள் பலர். இன்று கொழுந்தெடுப்போரில் அயல்நாட்டார் மிகுதி. எனினும் அங்கேயே முதிர்ந்த தமிழ்ப் பெண்கள் உளர். பகலிலும் வெப்பம் 25 பாகையை அரிதாகவே தாண்டும் அக்குளிரில், நள்ளிரவிலே உடல் தகித்துப் போர்வையை உதறி எழும் ஒருத்தியைக் கற்பனை செய்க. அதனைக் காய்ச்சல் என்பாளா, கண்ணேறு என்பாளா? எலும்பு நலிந்த காலத்தில் ஈரச்சரிவில் ஒருமுறை வழுக்கினால் என்னாகும்? எழுத்தாளனுக்கு இதனினும் வலிய பொருள் வேண்டுமோ!

சொல்லிலும் குறையுண்டு. நலவாழ்வு நூல்கள் 'மாதவிடாய் நிறுத்தம்' என்கின்றன. நிற்றல் தன்வினை, நிறுத்தல் பிறவினை. யாரோ நிறுத்தியதுபோலன்றோ அது ஒலிக்கிறது? 'நிற்றல்' எனலே தகும். (இலக்கண ஆசிரியர்கள் இதற்கேனும் குரல் கொடுக்கலாம்.)

மக்கள் வழக்கோ 'தீட்டு நின்றுவிட்டது' என்பது. இதில் ஒரு நிம்மதி ஒலிக்கிறது. இனி எந்நாளும் கோயிலுக்குச் செல்லலாம். ஆனால் நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் குருதி கண்டால் அது தீட்டன்று. கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். தாமதமின்றி மருத்துவரைக் காணவேண்டிய நிலை அது. தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை உண்டு. 'தீட்டு திரும்பிவிட்டது' என்று நாணி மறைப்பவளை அச்சொல் அங்கே செல்லவிடாது. வீட்டு மூலையில் அமர்த்திவிடும்.