மூச்சு முட்டினால் வேலையை விடலாம்

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் பொழுதைக் கழிக்க வெள்ளைக்காரன் செய்து விற்கும் சரக்கு என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. அக்கா மகன் காலேஜ் லீவுக்கு வந்திருந்தபோது லேப்டாப்பைத் திறந்து வைத்து, "மாமா, இந்த ஆட்டத்துல மொதல்ல கக்கூஸ்தான் கட்டணும்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக உட்கார்ந்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். கக்கூஸில் தொடங்கும் காவியம் எதையும் எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

ஆட்டத்தின் பெயர் 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்'. பொம்மைப் பெட்டியின் மேல் 'பேட்டரி இதில் அடங்காது' என்று அச்சடித்திருப்பார்களே, அந்தக் கேலியில் வைத்த பெயர். காற்றை நீதான் தேடிக்கொள்ள வேண்டும். கனடாவின் வான்கூவர் நகரத்தைச் சேர்ந்த க்ளெய் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் இதை 2017இல் முன்னோட்டப் பதிப்பாகவும் 2019இல் முழுமையாகவும் வெளியிட்டது. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் மூன்று பேர் அகப்பட்டிருக்கிறார்கள். தாய் வயிற்றில் பிறந்தவர்கள் அல்ல, ஒரு எந்திரம் அச்சடித்துப்போட்ட நகலாட்கள். சுற்றிலும் பாறை. கையளவு காற்று. கொஞ்சம் பாசி, கொஞ்சம் தண்ணீர். இவர்களை உயிரோடு வைத்திருப்பதுதான் ஆட்டம்.

கணக்கு கறாரானது. ஒரு ஆள் வினாடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் இழுக்கிறான். பாசியை எந்திரத்தில் போட்டால் ஆக்சிஜன் வரும். பாசி தீர்ந்தால் தண்ணீரை மின்சாரத்தால் பிளக்க வேண்டும். 1,000 கிராம் தண்ணீருக்கு 888 கிராம் ஆக்சிஜன், 112 கிராம் ஹைட்ரஜன். பள்ளிக்கூட வேதியியலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ஹைட்ரஜன் கூரைக்கு ஏறும். ஆட்கள் வெளிவிடும் கரியமிலவாயு கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். மூச்சளவில் மட்டும் வேண்டுமென்றே ஒரு பொய் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தில் ஒரு நாளுக்கு 600 வினாடி, அதன்படி ஒருவனுக்கு நாளொன்றுக்கு 60 கிலோ ஆக்சிஜன் ஆகிறது. நிஜ மனிதனுக்கு ஒரு கிலோகூடத் தேவையில்லை, நாசாவின் கணக்குப்படி 840 கிராம் போதும். ஏன் ஊதிப் பெருக்கினார்கள்? பற்றாக்குறை உடனே தலையில் இடிக்க வேண்டும் என்பதற்காக. காற்று சும்மா கிடக்கிறது என்று நினைப்பவனுக்குக் காற்று ஒரு பண்டம் என்று பத்து நிமிடத்தில் உறைத்துவிடுகிறது. இலக்கியத்தில் இதை மிகைப்படுத்தல் என்போம். இங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த வகை ஆட்டங்கள் வேறும் உண்டு. 2018இல் வந்த 'சப்னாட்டிக்கா'வில் வேற்றுக் கிரகத்துக் கடலுக்குள் மூச்சையும் பசியையும் தாகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தின்பதும் குடிப்பதும் உள்ளே போகும், வெளியே ஒன்றும் வராது. நாயகனுக்கு வாய் உண்டு, குண்டி இல்லை. நமக்குப் பழகிய கதைதான். நம் பேரிலக்கியங்களில் விருந்து நடக்கும், இலை எடுப்பவனும் எச்சில் வழிப்பவனும் வருவதில்லை. 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்' அப்படி நடிக்கவில்லை. குழிக்கக்கூஸை 15 தடவை பயன்படுத்தினால் நிரம்பிவிடும். யாராவது போய் அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் ஆட்கள் நின்ற இடத்திலேயே போய்விடுவார்கள். அந்தத் தண்ணீர் ஓடிக் குடிதண்ணீரில் கலக்கும். கிருமி கைக்கும், கையிலிருந்து சோற்றுக்கும் வரும். பீயை மறைத்துவைத்துக்கொண்டு நாகரிகம் கட்ட முடியாது என்று ஒரு விளையாட்டு சொல்கிறது. அதற்காகவே இந்தப் பிரதியை மதிக்கிறேன்.

நிஜ விண்வெளியிலும் இதுதான் நிலைமை. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மூத்திரத்தைக் குடிநீராக்கும் கருவி 2008இல் போனது. 2009 மே மாதத்திலிருந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். வியர்வையும் மூச்சின் ஈரமும்கூட அதில் சேரும். அங்குள்ள தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்க முடிந்ததாக 2023 ஜூனில் நாசா அறிவித்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது இன்னொரு செய்தி. சனிக்கிழமை அங்கே சுத்தம் செய்யும் நாள். டாக்டர் பட்டம் வாங்கியவரும் போர்விமானம் ஓட்டியவரும் துணியை எடுத்துத் துடைக்கிறார்கள். கக்கூஸ் பழுதானால் அவர்களே கைவைக்கிறார்கள். பூமிக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் சேரி என்று ஒதுக்கிவைக்க இடம் கிடையாது.

ஆட்டத்துக்கு வருவோம். அதில் ஒரு வேலைப் பட்டியல் உண்டு. இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர்: தோண்டுவது, கட்டுவது, சமைப்பது, ஆராய்ச்சி, சுத்தம் செய்வது. யாருக்கு எந்த வேலை முக்கியம், எது கூடவே கூடாது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நாம் குறிக்கலாம். தொடக்கத்தில் எல்லோரும் எல்லாமும் செய்வார்கள். ஆட்டம் யாரையும் தோட்டியாக்கித் தருவதில்லை.

ஆக்கியவன் நான்தான். மூன்றாம் நாள் ஆட்டத்திலேயே, வேறு திறமை இல்லாத ஒருவனைப் பார்த்துச் சுத்தம் செய்வதற்கு மட்டும் ஒதுக்கினேன். ஆராய்ச்சி செய்கிறவளுக்கு அந்தக் கட்டத்தை மூடிவிட்டேன். அவள் நேரம் வீணாகக் கூடாதாம். "ஏன் மாமா இவனையே கக்கூஸ் அள்ள உடுறீங்க?" என்று பையன் கேட்டான். பதில் வரவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய் சாதி ஒழிப்பு பேசுகிறவன், திறமை என்ற பெயரில் அரைமணி நேரத்தில் ஒரு சாதியைக் கட்டி முடித்திருந்தேன். எந்த சாஸ்திரமும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு அட்டவணையும் அவசரமும் போதுமானதாக இருந்தன.

ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் இதில் அப்பாவிகள் அல்லர். எந்திரம் மூன்று நாளைக்கு ஒருமுறை புதிய ஆட்களைக் காட்டும், ஒருவரைப் பொறுக்கலாம். ஒவ்வொருவருக்கும் அச்சிலேயே வந்த குணங்கள் உண்டு. ஒருவன் மற்றவர்களைவிட அதிகக் காற்று இழுப்பான். ஒருவன் ஓயாமல் வாயு விடுவான். 'யோகல்' என்று ஒரு குணம், பட்டிக்காட்டான் என்று பொருள். அது இருந்தால் அந்த ஆள் ஒருநாளும் ஆராய்ச்சி செய்ய முடியாது. எத்தனை நாள் உழைத்தாலும் அந்தக் கட்டம் திறக்காது. பிறப்பிலேயே படிப்பு மறுக்கப்பட்டவன்! வேடிக்கையாகத்தான் செய்திருக்கிறார்கள். இந்த வேடிக்கைக்குச் சிரிக்க முடியாதவர்கள் உலகில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. ஒரு ஆள் எவ்வளவு திறன் கற்கிறானோ அவ்வளவு வசதியை எதிர்பார்ப்பான்: நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை, அழகான அறை. திறன் கற்காதவனுக்கு எதிர்பார்ப்பு குறைவு, புழுதியில் கிடந்தாலும் மனம் கோணாது. 'அவனுங்களுக்கு இதுவே போதும்' என்று ஊர்த்தெருவில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே சொல்லாடல் இங்கே எண்ணாகவும் விதியாகவும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த ஆட்டத்தை நான் ஏன் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அடிப்பள்ளத்தில் ஒருவனைத் தோண்ட விட்டிருந்தேன். வேலைகளுக்கு 1 முதல் 9 வரை அவசர எண் போடலாம், 9 போட்டிருந்தேன். பாதியில் அவன் போட்டது போட்டபடி மேலே ஓடினான். ஏதோ கோளாறு என்று நினைத்தேன். "கோளாறு இல்ல மாமா. கீழ கரியமிலவாயு நிக்குது. மூச்சு முட்டுது, மேல போய் வாங்கிட்டு வருவான்." "நான்தான் 9 போட்டிருக்கேனே?" "நீங்க என்ன போட்டாலும் மூச்சுதான் மாமா மொதல்ல."

அப்பாவின் ஞாபகம் வந்தது. ஒரு சின்ன நகரத்தில் வீட்டுக் குழிகளில் இறங்கி அள்ளுவது அவர் வேலை. மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விடுவார். பிறகு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். எரிந்தால் இறங்குவார், அணைந்தால் மாட்டார். ஒருமுறை விளக்கு அணைந்தது. "இன்னும் செத்த நேரம் போகட்டும் சாமி" என்றார். "கூலி வேணுமா வேணாமா?" என்றார் வீட்டுக்காரர். அப்பா இறங்கவில்லை. கூலி போனது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவரை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் எத்தனை நாள் கஞ்சி குடித்தோம் என்பதை அக்காதான் சரியாகச் சொல்வாள்.

அந்த விளக்கு சொன்னதும் பாதி உண்மைதான். ஆக்சிஜன் குறைந்தால் அது அணையும். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அணையாமலே ஆளைக் கொல்லும், மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கு நெருப்பு. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் நிற்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்புகிறவன்தான் சாகிறான். ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த வாயு எங்கே நிற்கிறது என்று நிறம் நிறமாகத் தெரியும். அப்பாவுக்கு அப்படி ஒரு படத்தை யாரும் விரித்துக் காட்டியதில்லை.

சட்டம் இருக்கிறது. கையால் மலம் அள்ள ஆளை வைப்பதையும், பாதுகாப்பில்லாமல் குழிக்குள் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 1993 முதல் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் தர உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. எல்லாம் செத்த பிறகான கணக்கு. மூச்சு முட்டும் நொடியில் வேலையை விட்டு மேலே வரும் உரிமை, வந்தவனுக்கு மறுநாளும் கூலி என்ற உறுதி, இவைதான் உயிரோடிருப்பவனுக்குத் தேவை. அச்சடித்த நகலாளுக்கு அது கிடைத்திருக்கிறது.

எல்லா ஆட்டங்களிலும் அது கிடையாது. 2012இல் வந்த 'எஃப்டிஎல்' என்ற விண்கப்பல் ஆட்டத்தில் தீப்பிடித்தால் வெளிக்கதவைத் திறந்து அறையின் காற்றை விண்வெளிக்கு விட்டுவிடலாம். அருமையான யோசனை, தீ அணையும். ஆனால் அந்த அறையில் நிறுத்திய ஆள் தானாக நகர மாட்டான். நாம் கூப்பிடும்வரை நின்று, மறந்துவிட்டால் நின்ற இடத்திலேயே சாவான். இரண்டும் காற்றைக் கணக்குப் போடும் ஆட்டங்கள்தான். ஒன்றில் மூச்சு ஆளுக்குச் சொந்தம், மற்றதில் கட்டளையிடுகிறவனுக்குச் சொந்தம். உயிர்காப்பு ஏற்பாட்டை வடிவமைப்பது என்றால் குழாயும் விசிறியும் வரைவது என்று நினைக்கிறோம். வேலை வரிசையில் மூச்சை எத்தனையாவது இடத்தில் வைப்பது என்று முடிவெடுப்பதுதான் அதில் முதல் காரியம்.

க்ளெய்காரர்கள் இந்த முடிவைச் சரியாக எடுத்துவிட்டு அதோடு நின்றுவிட்டார்கள் என்பதுதான் என் விமர்சனம். நகலாள் மூச்சுக்காக ஓடலாம், மானத்துக்காக ஓட முடியாது. 'இனிமே நான் அள்ள மாட்டேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. மனம் நொந்தால் ஒருவன் உட்கார்ந்து அழுகிறான், ஒருவன் வாந்தியெடுக்கிறான், ஒருவன் பொருள்களை உடைக்கிறான். எதிர்ப்பை நோயாக மட்டுமே இந்த ஆட்டத்துக்குத் தெரியும். அதற்கு வைத்தியம் உடம்பு பிடித்துவிடும் மேசையும் சுவரில் படமும். யார் அள்ளுவது என்ற அட்டவணை அப்படியே இருக்கும். கலகத்தை வைத்தியத்துக்கு அனுப்பும் வேலையை மேலாளர்கள் ரொம்ப நாளாகச் செய்துவருகிறார்கள். விளையாடுகிறவனையும் அந்த நாற்காலியில்தான் உட்காரவைத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் இன்று கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நாளைக்கு இப்படிப்பட்ட ஆட்டங்களை எழுதப்போவதும் அவர்கள்தான். அவர்களிடம் கேட்பது இதுதான். மறுக்கிற ஆளை எழுதுங்கள். ஒருவனே தொடர்ந்து அள்ளினால் மற்றவர்கள் கூடிக் கேள்வி கேட்கிற விதி ஒன்றை வையுங்கள். பட்டிக்காட்டானுக்கும் படிப்புக் கட்டம் திறக்கட்டும். குழிக்குள் நிற்கும் வாயுவின் நிறப்படம் மேலே இருப்பவனுக்கு மட்டுமல்ல, இறங்குகிறவன் கண்ணுக்கும் தெரியட்டும். ஆட்டம் இதனால் கடினமாகும். ஆகட்டும், கடினமான ஆட்டத்தைத்தான் விளையாட்டுக்காரர்கள் விரும்புகிறார்கள்.

லீவு முடிந்து போகுமுன் பையன் அந்த அட்டவணையைத் திறந்தான். ஆராய்ச்சி செய்கிறவள் உட்பட எல்லோருக்கும் சுத்தம் செய்யும் கட்டத்தைத் திறந்துவிட்டான்.

"ஆராய்ச்சி கொஞ்சம் மெதுவாவும் மாமா."

"ஆவட்டும்டா" என்றேன்.