பகிஷ்கரிப்பும் பின்னடைவும்: யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பற்றி ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைப் பற்றி எழுதியோருட் சிலர் அதனை இலட்சிய இயக்கமெனப் போற்றுவர். வேறு சிலர் அதன் 1931ஆம் ஆண்டுத் தேர்தற் பகிஷ்கரிப்பை வகுப்புவாதத்தின் மறைமுக வெளிப்பாடெனக் கொண்டு ஒதுக்குவர். இவ்விரு நோக்குகளும் அவ்வியக்கத்தின் வீழ்ச்சியை விளக்கப் போதியன அல்ல என்பதே எமது கருத்தாகும்.

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய இவ்வமைப்பிற்கு ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் உயிரூட்டினர். பூரண சுயராச்சியம், தீண்டாமை ஒழிப்பு, சுயபாஷைக் கல்வி, இன ஒற்றுமை ஆகியன அதன் குறிக்கோள்கள். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அதன் செல்வாக்கை உயர்த்திற்று. மூத்த தலைவர்கள் ஆசனப் பங்கீடு பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் முழு விடுதலை கோரியமை துணிவான செயலே, அதனை மறுத்தற்கில்லை.

டொனமூர் அரசியற்றிட்டம் சுயராச்சியத்தை வழங்கவில்லை எனக் காங்கிரஸ் அதனை நிராகரித்தது. 1931இல் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளிலும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஆயின், டொனமூர் திட்டத்தை வெறுத்தோர் இளைஞர் மட்டுமல்லர். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்ததையும் சர்வசன வாக்குரிமை வந்ததையும் விரும்பாத பழமைவாதிகளும் அதனை எதிர்த்தனர். திட்டம் தந்தது குறைவு என்றனர் இளைஞர். மிகை என்றனர் மற்றையோர். முரண்பட்ட இரு காரணங்கள் ஒரே செயலிற் கூடின. அக்கூட்டினைத் தம் கொள்கைக்குக் கிடைத்த ஆதரவெனக் காங்கிரஸார் கருதியமையே அவர்களது முதற் பிழை.

இரண்டாவது பிழை இதனினும் பாரதூரமானது. சர்வசன வாக்குரிமையாற் பெரும்பயன் பெறவிருந்தோர் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமாவர். தீண்டாமையை எதிர்த்த இயக்கமே, அம்மக்கள் தம் முதல் வாக்கினை அளிக்கும் வாய்ப்பை 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல்கள் வரை தள்ளிவைத்தது. சமத்துவத்தை மேடையில் முழங்கியவர்கள், அதன் கருவி கைக்கெட்டியபோது அதனை இனங்காணத் தவறினர்.

தென்னிலங்கைத் தலைவர்களும் பகிஷ்கரிப்பிற் சேர்வர் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. 1934இல் அரசாங்க சபைக்குச் சென்றவர்களுள் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் ஒருவர். 1936இல் தனிச்சிங்கள மந்திரிசபை அமைந்தபின் இனவாரி அரசியல் மேலும் வலுப்பெற்றது. 1944இல் தமிழ்க் காங்கிரஸ் தோன்றியது. இச்சூழலின் தாக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், கல்லூரி வகுப்பறைகளிலும் ஆண்டு மாநாடுகளிலும் வேரூன்றிய ஓர் இயக்கம் வயலிலும் கடற்கரையிலும் உழைப்போரிடையே வேரூன்றாமையால், புயல் வந்தபோது அதனைத் தாங்கிநிற்க எவரும் இருக்கவில்லை.

வாலிபர் காங்கிரஸின் குறிக்கோள்கள் தோற்றன அல்ல. அவற்றை ஏந்திய முறையே தோற்றது. தீர்மானங்கள் நிறைவேற்றுவதிற் பெருமை கொள்ளும் மாணவராகிய நாம் இவ்வேறுபாட்டினை மனங்கொள்ளுதல் தகும்.