சுருக்கமும் சொல்லிழப்பும்

‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்னும் முகமன், கைப்பேசி உரையாடலில் ‘ஏஎஸ்ஏகே’ என நான்கு ஆங்கில எழுத்துகளாகிவிட்டது. ‘ஜஸாக்கல்லாஹ்’ ‘ஜேஇஸட்கே’ ஆயிற்று. இக்குறுக்கங்கள் இன்று கடிதங்களிலும் அறிவிப்புகளிலும்கூடத் தலைகாட்டுகின்றன.

இதனால் மொழியே சீரழிந்தது என்று புலம்புவது எளிது. ஆனால், சுருக்கெழுத்து நம் கல்வி மரபுக்குப் புதியதன்று. ஹதீஸ் ஏடுகளைப் படியெடுத்தோர் ‘ஹத்தஸனா’ (எமக்கு அறிவித்தார்) என்பதை ‘ஸனா’ என்றும் ‘நா’ என்றும் எழுதினர். அறிவிப்பாளர் பெயர்களுக்கிடையே வரும் ‘கால’ (கூறினார்) என்னும் சொல்லை எழுதாமலே விட்டனர். ஆயினும், வாசிப்பவர் அதனை வாயால் மொழிதல் வேண்டும் என இப்னுஸ் ஸலாஹ் (ஹி. 577–643) தம் ஹதீஸ் கலை நூலில் வலியுறுத்தினார். எழுத்தில் குறைந்ததை நாவு நிறைவு செய்தது.

அதே அறிஞர், நபிகள் நாயகத்தின் மீதான ஸலவாத்தை ஓரிரு எழுத்துகளால் குறிப்பதை மட்டும் ஏற்கவில்லை; திருப்பெயர் எத்தனை முறை வந்தாலும் முழுமையாக எழுதச் சலிக்கலாகாது என்றார். இங்கே முரண்பாடு ஏதுமில்லை. ‘ஹத்தஸனா’ செய்தி வந்த வழியைக் காட்டும் கலைச்சொல். குறி விளங்கினால் போதும். ஸலவாத்தோ எழுதுபவரே அவ்விடத்தில் செய்யும் பிரார்த்தனை.

இணையக் குறுக்கங்களுக்கும் இதுவே தக்க அளவுகோல். நேரம், இடம், வருகை பற்றிய குறுஞ்சொற்கள் நண்பர்களிடையே எவ்வாறும் வழங்கட்டும். ஸலாம் அத்தகையதன்று, அது துஆ. வாழ்த்துக்கு அதனினும் சிறந்ததையோ நிகரானதையோ மறுமொழியாகத் தருமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 86ஆம் வசனம் பணிக்கிறது. நான்கு எழுத்துகளுக்கு வேறு நான்கு எழுத்துகள் மறுமொழியாகுமாயின், அங்கே யார் யாருக்குச் சாந்தியை வேண்டினர்?

இளையோரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. நம் ஏடுகளும் நெடுங்காலமாக ‘(ஸல்)’ என்றே அச்சிட்டு வருகின்றன. வாசகர் அவ்விடத்தில் முழு ஸலவாத்தையும் மொழிவார் என்னும் நம்பிக்கையே அதற்குள்ள ஒரே நியாயம். கண்ணால் மட்டும் விரைந்து படிக்கும் இக்காலத்தில் அந்நம்பிக்கை தளர்கிறது.

யூனிகோடு எழுத்துத் தொகுதியில் அரபு ஸலவாத்து முழுவதும் ஒரே குறியாக இடம்பெற்றுள்ளது. கணினி எழுத்தில் இடமும் நேரமும் மிச்சம் என்னும் சாக்கு அதனால் செல்லாததாகிறது. ஆனால், அக்குறியைக் கண்டதும் நாவு அசைய வேண்டுமே. அப்பழக்கத்தை வீட்டிலும் மதரஸாவிலும் ஊட்ட வேண்டியவர்கள் நாமே.