உட்சுவருக்குப் பொன்மஞ்சள்

மன்னார் ஓலைத்தொடுவாயில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. தென்கரை மணல் வெயிலை வாங்கி அப்படியே திருப்பி எறிகிறது. கடல் தன் பங்கையும் சேர்க்கிறது. பகல் பதினொரு மணிக்கு முற்றத்தைக் கண் சுருக்காமல் பார்க்க ஏலாது. இப்படியான கரையில் வீட்டுக்குள்ளும் வெள்ளை அடிப்பதே வழக்கம். புது வீட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டால் 'வெள்ளை, இல்லாவிட்டால் கிறீம்' என்பார்கள். வெளிச்சுவருக்கு அது சரி, வெக்கையைத் தடுக்கும். ஆனால் உள்ளே, வெயில் நேரே விழாத ஒரு சுவருக்காவது பொன்மஞ்சள் வேண்டும் என்பது என் கட்சி. வெளிச்சம் மிகுந்த ஊரில்தான் அந்த நிறத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எந்தப் பொன்மஞ்சள் என்பதில் கவனம் தேவை. நல்ல பனாட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால் தெரியுமே, அந்த நிறம்: மஞ்சளுக்குள் கொஞ்சம் சிவப்பு, அதற்கும் அடியில் மெல்லிய மண்ணிறம். மண்ணிறம் இல்லாத மஞ்சள் ஒரு கிழமைக்குக் கண்ணைக் கவரும். பிறகு அலுப்புத் தட்டும். மண் கலந்த மஞ்சளோடு பல வருடம் குடியிருக்கலாம்.

இந்த நிறத்தின் மூலம் இரும்பு. நீர் ஏறிய இரும்பு ஒக்சைட்டு மண்ணில் படிந்தால் மஞ்சள் காவி; அதையே சுட்டால் நீர் நீங்கிச் சிவப்புக் காவி. 5ஆம் நூற்றாண்டில் சிகிரியாப் பாறையில் தீட்டிய பெண்களின் மேனியில் இன்றும் நிற்பது இந்தக் காவிகள்தாம். வெயிலில் வெளிறாது, சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. அதனால்தான் பழங்காலத்தில் நீற்றிய சுண்ணாம்போடு துணிந்து இதைக் கலந்தார்கள். இன்று கடையில் இயந்திரத்தில் நிறம் கலக்கும்போதும் 'யெலோ ஒக்சைட்' முதன்மையாகவும் 'ரெட் ஒக்சைட்' துளியாகவும் சேர்ந்த கலவையைக் கேட்டு வாங்குங்கள். பளிச்சிடும் செயற்கை மஞ்சள்கள் பழைய நிறத்தை மறைக்கத் திணறும், கோட் மேல் கோட் கேட்கும். இரும்பு மஞ்சள் இரண்டு கோட்டில் மூடிவிடும். பழைய குரோம் மஞ்சளில் ஈயம் உண்டு. பிள்ளைகள் கை வைக்கும் சுவருக்கு அது ஆகாது. 2013 முதல் இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது என்பது நல்ல செய்தி.

இனி இடம். பலர் யன்னல் உள்ள சுவருக்கே இந்த நிறத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். யன்னலில் வெளிச்சம் கொட்டும்போது அதைச் சுற்றியுள்ள சுவர் கண்ணுக்கு இருளும். பொன்மஞ்சள் அங்கே வெறும் மண் நிறமாய்ச் சோர்ந்து போகும். நேர் வெயில் அடிக்கும் சுவரிலோ அது கத்தும். அது மிளிர்வது இரண்டாம் வெளிச்சத்தில்: விறாந்தைத் தரையில் ஒருமுறை பட்டு, உள்ளே தெறித்து, பின்சுவரில் வந்து சேரும் வெளிச்சத்தில். அப்போது வெயிலின் கூர்மை போய், சூடான ஒளி மட்டும் மிஞ்சுகிறது. தஞ்சாவூர் ஓவியங்களில் தங்கத்தகடு ஒட்டியது விளக்கொளியில் இருக்கும் பூசை அறைக்காகத்தான். நண்பகல் வெயிலில் அதன் அழகு பாதியாகிறது. ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி 1933இல் எழுதிய நிழல் பற்றிய கட்டுரையும் இதைத்தான் காட்டுகிறது: வீட்டின் இருண்ட உள்ளறையில் பொன்திரை, தூரத்துத் தோட்டத்தின் வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நான்கு சுவருக்கும் அடித்தால் ஒன்றின் நிறம் மற்றதில் எதிரொளித்துத் தடித்துவிடும். கையளவு அட்டையில் மென்மையாய்த் தெரிந்தது அறையில் கடுமையாகும். ஆகவே ஒரு சுவர், கூடினால் இரண்டு. உட்கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். சுவரின் பொன் அதில் தானாக ஏறும். கறுப்பு வரி ஓடிய பனஞ்சிலாகைகள் தெரியும் கூரையென்றால் சுவருக்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

துணை நிறம் நீலம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரெல் 1839இல் விதியாகவே எழுதினார். 1883இல் ஜிவர்னியில் குடியேறிய ஓவியர் மொனே, சாப்பாட்டு அறைக்கு மஞ்சள் பூசி, அடுத்திருந்த சமையலறைக்கு நீலம் கொடுத்தார்; மஞ்சளுக்குள் இருந்தபடி நீலத்தைப் பார்க்கலாம். நமக்கு அந்த நீலம் விலையில்லாமல் கிடைக்கிறது. தென்மேற்கு யன்னலைத் திறந்தால் கடல். கதவுக்கு மட்டும் ஒரு நீல எனாமல் போதும்.

மின்குமிழ் வாங்கும்போதும் சுவரை நினையுங்கள். 6500 கெல்வின் குமிழின் நீலவெள்ளை வெளிச்சம் பொன்மஞ்சளைப் பச்சை தட்டிய சாம்பலாக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ளது அதை விழிக்க வைக்கும். எத்தனையோ நல்ல சுவர்கள் பெயின்றில் பிழையில்லாமல், குமிழால் கெட்டிருக்கின்றன.

கரையோர வீட்டுக்கு உப்பு ஒரு பெரும் பகை. சோழகம் வீசும் மாதங்களில் அது காற்றில் வருகிறது. நிலத்தடி நீரிலிருந்து சுவருக்குள்ளும் ஏறுகிறது. பிளாஸ்ரிக் படலம்போல் மூடும் பெயின்றின் பின்னால் உப்புத் திரண்டு தோலைத் தள்ளும். வெள்ளைச் சுவரில் மறையும் உப்புப்பூ பொன்மஞ்சளில் அப்பட்டமாகத் தெரியும். எனவே ஈரம் ஏறும் சுவரென்றால் காவி கலந்த சுண்ணாம்பே என் தெரிவு; அது மூச்சு விடும். இதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801இல் தொடங்கி 1804இல் அரிப்பில் கட்டி முடித்த மாளிகைக்கு முத்துச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பையே பூசினார்கள். கட்டடம் கடலரிப்பில் சிதைந்துவிட்டது. பூச்சு மட்டும் நெடுங்காலம் உப்புக் காற்றைத் தாங்கி நின்றது. சுண்ணாம்பில் இன்னோர் அழகும் உண்டு. மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிவதால் ஒளி மேலோடு திரும்பாமல் சற்று உள்ளே போய் வருகிறது. நிறத்தில் மேகம்போல் ஏற்ற இறக்கம் விழும். அதைப் பிழையென்று மேசனிடம் சண்டை பிடிக்காதீர்கள். சுவருக்கு ஆழம் தருவது அதுதான்.

மன்னாரில் போருக்குப் பிறகு எழுந்த வீடுகளில் பல, ஒரே வரைபடத்தில் எழுந்தவை. 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டம் குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கொடுத்தது. அந்தக் காசுக்குள் சுவரும் கூரையும் நிமிர்ந்ததே பெரிய காரியம். அறையின் நீள அகலத்தை இனி மாற்ற முடியாது. நிறத்தை மாற்ற முடியும். ஒரு பின்சுவருக்குச் சில லீற்றர் போதும். முதலில் இரண்டு முழ அகலத்தில் பூசி, காலை, மதியம், அந்தி, விளக்கு வைத்த பின் என்று ஒரு முழு நாள் பாருங்கள். அந்தியில் பிடித்திருந்தால் முழுச் சுவருக்கும் அடியுங்கள். வேலைக்குப் போனவர்கள் வந்து, குடும்பம் கூடியிருக்கும் நேரத்தின் நிறமே வீட்டின் நிறம்.