தேவைகள் பொறியியல் முதிர்ச்சி மாதிரி: ஏரியன் 5 விபத்தின் வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் நிறுவனங்கள் தம் தேவைகள் பொறியியல் செயல்முறையை மேம்படுத்துவதற்காக இயன் சாமர்வில், பீட் சாயர் ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த முதிர்ச்சி மாதிரியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நெறிகளின் கூட்டு மதிப்பெண், ஒரு தேவையின் பின்னுள்ள காரணம் மறைந்துபோவதை அளக்கத் தவறுகிறது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தேவைகள் பொறியியல், முதிர்ச்சி மாதிரி, மறுபயன்பாடு, ஏரியன் 5.

மாதிரியின் அமைப்பு

மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்டறிந்து, பதிவுசெய்து, சரிபார்த்து, மாற்றங்களை நெறிப்படுத்தும் பணியே தேவைகள் பொறியியல். இதற்கு அந்நூல் 66 நெறிகளைத் தருகிறது. அவற்றுள் 36 அடிப்படை, 21 இடைநிலை, 9 உயர்நிலை. ஒரு நெறி நிறுவனம் முழுவதும் தரப்படுத்தப்பட்டிருந்தால் 3, வழக்கமாகப் பின்பற்றப்பட்டால் 2, விருப்பத்திற்கு விடப்பட்டால் 1, இல்லையெனில் 0 என மதிப்பெண் வழங்கப்படும். பெருஞ்செலவின்றிப் படிப்படியாக முன்னேறச் சிறு நிறுவனங்களுக்கும் வழிகாட்டுவது இம்மாதிரியின் சிறப்பாகும்.

கூட்டலின் குறை

அடிப்படை நெறிகளின் உச்ச மதிப்பெண் 108. உயர்ந்த நிலையை எட்ட அவற்றில் 85ஐயும், ஏனைய நெறிகளில் 40ஐயும் கடந்தால் போதும். எனவே 29 அடிப்படை நெறிகளில் முழு மதிப்பெண்ணாகிய 87ஐப் பெறும் நிறுவனம், எஞ்சிய ஏழையும் முற்றிலும் கைவிட்டாலும் அந்நிலைக்குத் தடையில்லை. ‘அமைப்பு இயங்கும் சூழலை வரையறுத்தல்’ அவ்வேழில் ஒன்றாக இருப்பின் விளைவு என்னவாகும்?

ஏரியன் 5 தரும் பாடம்

1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஏரியன் 5 ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. ஏரியன் 4இல் குறையின்றி இயங்கிய வழிகாட்டுக் கருவியின் மென்பொருளே இதிலும் பயன்பட்டது. புதிய ஏவூர்தியின் கிடைத்திசை வேகம் மிகுதியாதலால், அதனைச் சார்ந்த 64 பிட் எண் 16 பிட் முழுவெண்ணில் அடங்கவில்லை. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்தமையால் அதுவும் செயலிழந்தது. பிழை நேர்ந்த கணக்கீடோ, ஏவிய பின்னர் ஏரியன் 5க்குத் தேவைப்படாத ஒன்று.

லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. கருவியின் தேவை ஆவணத்தில் ஏரியன் 5இன் பறப்புப்பாதைத் தரவு இடம்பெறவில்லை. ஏழு மாறிகளுள் மூன்றைப் பாதுகாப்பின்றி விட்ட முடிவின் நியாயம் மென்பொருள் நிரலில் குறிக்கப்படவில்லை; ஆவணங்களின் பெருக்கத்தில் அது புறமதிப்பீட்டாளர் கண்ணுக்குத் தப்பியது. ஆவணக் குறைவன்று, காரணம் கண்ணில் படாமையே இங்குச் சிக்கல்.

விபத்துக்குப் பின் வெளிவந்த மாதிரியை அவ்விபத்துக்குப் பொறுப்பாக்குதல் பொருந்தாது. ஆயினும் தேவையின் காரணத்தைப் பதிவுசெய்வதை இடைநிலை நெறியாகவும், தேவைகளை மறுபயன்படுத்துவதை உயர்நிலை நெறியாகவும் மட்டுமே அது வரிசைப்படுத்துகிறது. முன்னதின்றிப் பின்னதற்கு மதிப்பெண் இல்லை என்னும் தடை அதில் இல்லை.

முடிவுரை

இம்மாதிரியைக் கைக்கொள்ளும் நிறுவனங்கள் இரண்டு திருத்தங்களைச் செய்தல் வேண்டும். இயங்குசூழலை வரையறுத்தல், காரணத்தைப் பதிவுசெய்தல் ஆகிய இரண்டிற்கும் பிற நெறிகளால் ஈடுசெய்ய இயலாத தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். பழைய தேவை எச்சூழலுக்காக எழுதப்பட்டது எனத் தெரியாதவரை அதன் மறுபயன்பாட்டை முதிர்ச்சியாகக் கணக்கிடலாகாது.